பெயருக்குக் காத்திருக்கும் வண்டுகள்

திருவனந்தபுரம் மாவட்டம் உதியன்குளங்கரையில் மக்கிய வாழைச் சருகைக் கிளறினால், வயிற்று நுனியைத் தேள் கொடுக்குபோல் தூக்கிக்கொண்டு ஓடும் ரோவ் வண்டுகள் தென்படலாம். பெயர் பெற்ற இனங்களே உலகில் 60,000க்கும் மேல். அப்படியிருக்க, கையில் உள்ளது புதிய இனம் என்று நிரூபிப்பது லேசான காரியமல்ல. ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுத்து, பழைய மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். சிக்கல் அங்கேதான். இந்திய இனங்களை 1930களில் நூல்களாகத் தொகுத்தவர் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் மால்கம் கேமரன். அவரது வண்டுகள் இருப்பதோ லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். உள்ளூர்ப் பூச்சிக்குப் பெயர் வைக்க வெளிநாட்டு அலமாரியைத் திறந்தாக வேண்டும்! அந்த அலமாரிகளிலும் தூக்கம் உண்டு. 1832இல் அர்ஜென்டினாவில் டார்வின் பிடித்த ரோவ் வண்டுக்கு ‘டார்வினிலஸ் செடாரிசி’ என்ற பெயர் கிடைத்தது 2014இல்தான்.