கதவையே கழற்ற வேண்டுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறோம். தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாவிட்டால் அது போய்ச் சேருமா? வலைப்பின்னலில் இணையும் கணினிக்கும் இதே நிலைதான். அதற்கும் ஓர் எண் முகவரி வேண்டும்.

பள்ளியின் கணினி அறையில் இருபது கணினிகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் கையால் முகவரி எழுதுவது வீண் வேலை. ஒரே எண் இரண்டுக்குப் போய்விட்டால் குழப்பம் வேறு! ஆகவே முகவரி வழங்கும் பொறுப்பைச் சர்வர் ஒன்றிடம் ஒப்படைக்கிறோம். இதற்கான விதிமுறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

புதிய கணினிக்குத் தன் முகவரியும் தெரியாது. சர்வரின் முகவரியும் தெரியாது. எனவே தன் முகவரியை 0.0.0.0 என்று குறித்துக்கொண்டு, 255.255.255.255 என்னும் பொது முகவரிக்குக் குரல் கொடுக்கிறது: "எனக்கு முகவரி தருவார் யார்?" சர்வர், "இந்த எண்ணை வைத்துக்கொள்" என்கிறது. "அதையே தருக" என்கிறது கணினி. "தந்தேன்" என்கிறது சர்வர். நான்கே செய்திகளில் வேலை முடிந்துவிடும்.

இங்கேதான் ஃபயர்வால் குறுக்கிடுகிறது. நாம் கேட்டவரிடமிருந்து வரும் பதிலை மட்டும் உள்ளே விடும் காவலாளி அது. இங்கே கேள்வி போனதோ எல்லாருக்கும். பதில் வருவதோ ஒருவரிடமிருந்து. "இவரிடம் நாம் எதுவும் கேட்கவில்லையே" என்று காவலாளி தடுத்துவிடலாம். சர்வரின் காவலாளியும் கேள்வியை உள்ளே விடாதிருக்கலாம். அப்போது கணினி, 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். இணையம் கிடைக்காது.

உடனே பலர் ஃபயர்வாலையே நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு என்பதே என் கருத்து. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றுவார்களா? 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் கேடு உலகெங்கும் பரவியது. 445 என்ற எண்ணுள்ள வாசல் வழியே அது கணினிக்குக் கணினி தாவிற்று. நம் அண்டை மாநிலமான ஆந்திராவின் காவல்துறைக் கணினிகளும் அதற்குத் தப்பவில்லை.

முகவரி பெறத் தேவையானவை இரண்டே வாசல்கள்தாம். யூ.டி.பி. வகையில் சர்வருக்கு 67. கேட்கும் கணினிக்கு 68. அவற்றையும் பள்ளியின் உள் வலைப்பின்னலுக்கு மட்டும் திறந்தால் போதும். இணையத்தை நோக்கிய பக்கம் மூடியே இருக்கட்டும்.

"இதெல்லாம் கணினி பழுது பார்ப்பவர் வேலை" என்று ஒதுங்கிவிடாதீர்கள், மாணவர்களே! நாளை அலுவலகக் கணினிகள் உங்கள் பொறுப்பில் வரும். எந்த வாசல், யாருக்கு, எதற்காக என்று கேட்ட பிறகே திறக்கும் பழக்கத்தை, ஆசிரியரின் துணையோடு இப்போதே தொடங்குங்கள்.