பன்னிரண்டாவது டென்ஸ் என்னும் பூச்சாண்டி

மதுரை கோரிப்பாளையத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டீஸ்தான். போன் நம்பர் மாறும். வாக்குறுதி மட்டும் வருஷக்கணக்காக அதேதான். பன்னிரண்டு டென்ஸையும் மனப்பாடம் பண்ணினால் முப்பதே நாளில் இங்கிலீஷ் சரளமாக வருமாம். இந்தப் பாடத்தில் நாலு சங்கதி இடிக்கிறது.

முதல் சங்கதியான முப்பது நாள் கணக்குக்குப் பதில் எதற்கு? பக்கத்திலேயே அமெரிக்கன் கல்லூரியில் மூன்று வருஷம் உட்கார்ந்து ஆங்கில இலக்கியம் படிக்கிறார்கள், பாவம், விஷயம் தெரியாமல்.

டென்ஸ் பன்னிரண்டு என்பது அடுத்தது. ராண்டால்ஃப் குவர்க் குழுவினரின் 1985 இலக்கணமும், ஹடில்ஸ்டனும் புல்லமும் தந்த 2002 கேம்பிரிட்ஜ் இலக்கணமும் ஆங்கிலத்தில் எதிர்கால டென்ஸ் என்று ஒன்று கிடையாது என்கின்றன. வில் வெறும் துணைவினை. அப்போதே பன்னிரண்டு கட்ட அட்டவணையில் நாலு கட்டம் காலி.

மூன்றாவது சங்கதி: பன்னிரண்டாவதான ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸைத் தொட்டுவிட்டால் சிகரம் ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள். அங்கே எழுதிப்போடும் உதாரணம் என்ன? 'ஐ ஷேல் ஹேவ் பீன் ஈட்டிங்.' எப்போது வரை? எவ்வளவு நேரமாக? இரண்டும் இல்லாமல் அந்த மனிதர் காலகாலத்துக்கும் தின்றுகொண்டே இருக்கிறார். பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் காலை ஏழுக்கு வந்து நிற்கிறவர், 'பை டென், ஐ வில் ஹேவ் பீன் ஸ்டாண்டிங் ஹியர் ஃபார் த்ரீ அவர்ஸ்' என்று சொன்னால் அதில் அர்த்தம் இருக்கிறது. 'பை' எல்லையைக் காட்டுகிறது, 'ஃபார்' நீளத்தைக் காட்டுகிறது. அவரும் பத்து மணிக்குக் கடுப்பாகிக் கத்தும்போது 'ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் சின்ஸ் செவன்' என்றுதான் கத்துவார். அதற்குப் பன்னிரண்டாவது கட்டம் தேவையில்லை. 'நோ' (know) மாதிரி வினைகளோ அந்தக் கட்டத்துக்குள் நுழையவே மாட்டேன் என்கின்றன. பத்து வருஷப் பழக்கத்தைச் சொல்ல 'வில் ஹேவ் நோன்' போதும்.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது நாலாவது சங்கதி: வில் வந்தால் எதிர்காலமாம்! விடிகாலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் விருந்தாளியிடம், 'யூ வில் ஹேவ் பீன் ட்ராவலிங் ஆல் நைட், கொஞ்சம் படுங்க' என்கிறோம். அட்டவணைப்படி இது பன்னிரண்டாவது கட்டம், அக்மார்க் எதிர்காலம். பயணமோ நேற்று ராத்திரியே நடந்து முடிந்தது. எழும்பூரில் ஏறியவர் மதுரையில் இறங்கி, பையோடு எதிரில் நிற்கிறார். இதில் எதிர்காலம் எங்கே ஒளிந்திருக்கிறது? வில் இங்கே ஊகத்தைச் சொல்கிறது. நாமும்தான் 'ராத்திரி பூரா தூங்காம வந்திருப்பீங்க' என்கிறோம். அதில் இருப்பது எதிர்கால இடைநிலை, பேச்சு நேற்றைப் பற்றியது. பிறந்ததிலிருந்து இதைப் பேசிவரும் மதுரைக்காரரை உட்காரவைத்து, வில் என்றால் நாளைக்கு என்று நெட்டுருப் போட வைப்பதற்குப் பெயர் பயிற்சி வகுப்பு.

ஹேவ் பீன் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேரிடம் கூச்சப்படாமல் பேசிப் பழகினால் பாதிப் பிரச்சினை தீரும். அதை நோட்டீஸில் போட்டால் ஃபீஸ் யார் கட்டுவார்?