அக்காடியம் தமிழ் இல்லை, ஐயா!

போன வாரம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. 'அக்கா நாடு'தான் அக்காடு ஆனதாம். ஆகவே பாபிலோனில் பேசியதும் தமிழாம். என் வயதுக்காரர்கள்கூடக் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஹமுராபியின் சட்டக்கல் எங்களுக்குப் பள்ளிப் பாடம். அக்காடியத்தில் வெட்டிய அந்தக் கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அக்காடியம் அரபிக்கும் எபிரேயத்துக்கும் உறவுக்கார மொழி. அதில் வீட்டுக்கு 'பீத்தும்' என்று பெயர், அரபியில் 'பைத்'. நம் பாய்மார்கள் சொல்லும் பைத்துல்மாலில் இருப்பது அந்தச் சொல்தான்.

அதே லூவரில் சுமார் 4,200 ஆண்டுப் பழைய உருளை முத்திரை ஒன்றும் இருக்கிறது. அதற்கு உடையவர் ஷு-இலிஷு. வேலை, மெலுகா மொழிக்குத் துபாஷி. மெலுகா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கும் தமிழ், இங்கும் தமிழ் என்றால் நடுவில் துபாஷி எதற்கு?

அக்காடியத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னவர்களையும் உலகம் சும்மா நம்பிவிடவில்லை. 1857-ல் லண்டனில் ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் ஆகிய நால்வரும் ஒரே சாசனத்தைத் தனித்தனியே மொழிபெயர்த்து, உறையில் ஒட்டிக் கொடுத்தார்கள். டெண்டர் பிரிப்பது போலப் பிரித்துப் பார்த்தார்கள். முக்கிய இடங்களெல்லாம் ஒத்துப்போயின. அந்த ஓப்பர்ட்டின் தம்பி குஸ்தாவ், சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர்.

குமாஸ்தாவாகக் காலம் கழித்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு பொய் வவுச்சர் இருந்தால் முழு பில்லும் திரும்பி வரும். அக்காடைத் தமிழாக்கினால் நாளை கீழடியின் மெய்யையும் சந்தேகிப்பார்கள்.

நம் பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் என்ன நடந்தது? 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதிலைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். தடுத்த ஏழை ஜனங்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. எத்தனை எழுத்து அணைக்குள் போயிற்றோ! பாபிலோன்காரர்களின் களிமண் பலகை தப்பியது. நம் கருங்கல் தப்பவில்லை.

கைதட்டிய நண்பர்களே, பேரப்பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போங்கள். மிச்சமிருக்கும் சுவரில் ஒரு வரியையாவது எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். தமிழுக்கு இரவல் நகை வேண்டாம். சொந்த நகை துருப்பிடிக்காமல் இருந்தால் போதும்.