ஒரே எண், ஒரே உழைப்பா?

காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர் ஒருவர். அரை மணி நேரம் மிதிவண்டி மிதிப்பவர் மற்றொருவர். இவர்களுள் மிகுதியாய் உழைத்தவர் யார் எனப் பலர் நம்மை வினவுகின்றனர். சென்ற தொலைவைக் கொண்டு இதனைக் கூற இயலாது. இதயத் துடிப்பைக் கொண்டு ஓரளவு கூறலாம்.

துடிப்பைக் கம்பியின்றி அறிந்து மணிக்கட்டில் காட்டும் கருவியைப் பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. விளையாட்டு வீரர்க்கென எழுந்த அது, இன்று பிள்ளைகள் பெற்றோர்க்கு வாங்கித் தரும் கைக்கடிகாரத்திலேயே அடங்கிவிட்டது. அதனை விற்போர் சொல்லாது விடுவதைச் சிறிது காண்போம்.

220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிட்டும் என்பர். அது பலருடைய சராசரியே; தனியொருவர்க்குப் பத்துக்கு மேலும் கூடலாம், குறையலாம். அந்நாட்டு அறிஞர் கார்வோனனும் அவர்தம் துணைவரும் 1957-இல் வெளியிட்ட ஆய்வினின்று பிறந்த முறை ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் கொள்கிறது. வயது 55 உடைய இருவரைக் கொள்வோம். கணக்கின்படி இருவர்க்கும் உச்சம் 165. ஓய்வில் ஒருவர்க்கு 60, மற்றவர்க்கு 80. பயிற்சியின்போது இருவர் கருவியும் 123 என்றே காட்டுகிறது. முன்னவர் தமக்குள்ள இடைவெளியாகிய 105-இல் 63-ஐ, அதாவது நூற்றுக்கு அறுபதைச் செலவிட்டார். பின்னவர் 85-இல் 43, ஏறத்தாழப் பாதியே. எண் ஒன்று, உழைப்போ வேறு. ஆகவே அடுத்த வீட்டாரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுதல் வீண். நம் நேற்றைய நடையோடு இன்றைய நடையை ஒப்பிடலாம். அதுவும் ஒரே வேளையில், ஒரே பாதையில். வெயிலும் தூக்கக் குறைவும் துடிப்பை உயர்த்திவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்திற்கோ நெஞ்சுவலிக்கோ அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை உட்கொள்வோர் நம் குடும்பங்களில் பலர். அம்மருந்து துடிப்பை ஏறவிடாது தடுக்கும். எண் உயரவில்லையே என்று அவர்கள் மேலும் விரைந்தால் பெருந்தீங்கு நேரலாம். கருவி மாத்திரையை அறியாது. அத்தகையோர் தம் அளவை மருத்துவரிடமே கேட்டறிக. நடக்கும்போது தடையின்றிப் பேச முடிகிறதா என்று பார்ப்பதும் நல்ல அடையாளமே.

மிதிவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றுகையில் மணிக்கட்டுக் கருவி பிழைபடுவதுண்டு. மார்புப் பட்டை அதனினும் நம்பத்தக்கது. அதன் உட்புறத்தைச் சிறிது நீரால் நனைத்து அணிதல் வேண்டும். உலர்ந்திருப்பின், வியர்க்கும்வரை அது தவறான எண்ணையே காட்டக்கூடும்.