தண்ணி ஏறுமுன் சபைப் படி ஏறுவோம்



வாடை துறையடியில் விழுந்துவிட்டது. குருமண்வெளியில் இருந்து ஆளேற்றி வருகிற பாதைப் படகு, கரையைத் தொடுமுன் காற்றுக்கு ஒரு பக்கம் இழுபட்டு, பிறகுதான் நேர்ப்படுகிறது. வட்டைகளில் பெரும்போக வேளாண்மை நிற்கிறது. இன்னும் இரண்டு நல்ல மழை போதும், வாவி நம்ம வளவுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு மாரியும் தண்ணி வடிந்த பிறகு உலருணவுப் பொதிக்கு வரிசையில் நிற்கிறோம். இம்முறை தண்ணி ஏறுமுன் போரதீவுப்பற்றுப் பிரதேச சபையின் வாசலில் போய் நிற்போம். உங்களைக் கூப்பிடுவது இதற்குத்தான்.

நேற்றுப் பின்னேரம் நானும் இரண்டு தம்பிமாரும் ஒழுங்கைத் தலைப்பில் இருக்கிற மதகைப் பார்க்கப் போனோம். மதகின் வாயில் பாதியை மண் மூடியிருக்கிறது. மீதியில் தேங்காய் மட்டை, யோகட் கோப்பை, சீமெந்துப் பை, ஒரு சைக்கிள் டயர். ஒரு தம்பி கையை உள்ளே விட்டு இழுத்தான். நீளமாக ஏதோ வந்தது, கழுவிப் பார்த்தால் தேர்தல் பதாகை. அதில் ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். யார், எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். அந்த மதகை அடைத்ததில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு, நமக்கும் உண்டு. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு வீட்டுப் படலையால் ஒரு பை குப்பை வந்து வடிகானில் விழுந்தது!

பிரதேச சபைத் தேர்தலில் 2018 பெப்ரவரியில் முதன்முறையாக வட்டார முறையில் வாக்களித்தோம். நம்ம வட்டாரத்துக்கென்று ஓர் ஆள் இருக்கிறார், பிடித்துக் கேட்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தலைக் காசு இல்லை என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த வாக்கு 2025 மே 6இல்தான். இடையில் இரண்டு மாரி உறுப்பினர் இல்லாமலே போனது. 2024 நவம்பர்க் கடைசியில் கிழக்கெல்லாம் வெள்ளம் நின்றபோது, மதகு அடைபட்டிருக்கிறது என்று சொல்ல நாம் வாக்குப் போட்ட ஓர் ஆள் இல்லை. இப்போது இருக்கிறார். அவரைத் தேடிப் போகாமல் தேத்தண்ணிக் கடையில் இருந்து ஏசிக்கொண்டிருந்தால் பிழை நம்முடையது.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் நாம் வருஷா வருஷம் கோட்டை விடுகிறோம். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் மாகாண வீதித் திணைக்களத்திடமும் இருக்கின்றன. குளத்துக் கதவு நீர்ப்பாசனத்தாரிடம், வயல் வாய்க்கால் கமநல சேவையிடம், யானை வனஜீவராசிகள் திணைக்களத்திடம். கடலுக்கு ஆற்றுவாய் வெட்டுவதா என்று முடிவெடுப்பது மாவட்ட மட்டத்தில். தண்ணிக்கு இந்த எல்லைப் பிரிப்பெல்லாம் தெரியாது. நவகிரிக் குளத்தின் வான்கதவு திறந்தால் வெல்லாவெளிப் பக்கம் வீதியை மூடும், ஆற்றுவாய் அடைபட்டிருந்தால் வடியாமல் நிற்கும். சபையிடம் இருப்பது உள் ஒழுங்கை, வடிகான், சிறு மதகு, வீதி விளக்கு, குப்பை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொது வழிகளையும் அதன் தலையில்தான் வைத்திருக்கிறது. பெரிய வெள்ளத்தைச் சபையால் தடுக்க முடியாது. முழங்கால் தண்ணி இரண்டு நாளில் வடிவதா, பத்து நாள் கிடந்து நாறுவதா என்பது பெரும்பாலும் சபையின் கையில்.

அந்தப் பத்து நாள் சின்ன விஷயம் இல்லை. நுளம்பு பெருகுவதும் டெங்கு வருவதும் அதில்தான். வயலுக்குள் காலில் புண்ணோடு இறங்குகிற அண்ணன்மார் எலிக்காய்ச்சலை மறக்கக் கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தருவார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது துறை. பாலக் கதையை இன்றைக்கு எடுக்கவில்லை. மண்முனைக்கு 2014இல் பாலம் வந்தது, சந்தோசம். நமக்கு வேண்டிய பாலம் கொழும்பில் தீர வேண்டிய கணக்கு, அதற்கு வேறு நாள் வேறு கூட்டம் போடுவோம். இந்த மாரியில் பிள்ளைகளும் உத்தியோகத்தரும் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளரும் ஏறப்போவது பாதையில். காற்று கூடினாலும் ஆற்றுவாழை வந்து மூடினாலும் பாதை நிற்கும். நின்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். நிற்கப்போகிறது என்பதை முன்னேரத்தோடு கோயில் ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன? துறையடியில் ஒரு விளக்கு எரிந்தால் என்ன? ஏறுகிறவருக்கு உயிர்காப்பு அங்கி இருந்தால் என்ன? பாதை வேறு யாருடைய பொறுப்பில் இருந்தாலும், சபை தீர்மானம் போட்டுக் கடிதம் எழுதலாம். 2021 நவம்பர் 23 நினைவிருக்கிறதா? கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியும் மட்டும் என்று விட்ட இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் போய்விட்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் அந்த நாள்தான் வரும்.

விளக்கைப் பற்றி இன்னொன்று. கதிர் பால் பிடிக்கிற நேரம் யானை வரும், அது நமக்குப் புதிதில்லை. இருட்டு ஒழுங்கையில் ஆளும் யானையும் எதிர்ப்படுவதுதான் பயம். கெட்டுப்போன விளக்குகளை எண்ணி எடுங்கள். "எங்கட பக்கம் இருட்டு" என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். தூண் இலக்கத்தோடு எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

"சபையில காசு இல்லகா, போய் என்ன செய்யிற?" என்று ஒரு மூத்தவர் கேட்டார். உண்மைதான், நம்ம சபை கொழும்பு மாநகர சபை இல்லை. காசு கொஞ்சம் என்பதால்தான் முந்திப் போகச் சொல்கிறேன். அடுத்த வருஷத்து வரவுசெலவுத் திட்டம் டிசம்பர் முடியுமுன் நிறைவேற வேண்டும். நிறைவேறிய பிறகு போனால் அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். சபை அமர்வைப் பார்க்கப் பொதுமக்களுக்கு இடமுண்டு. ஐந்து பேராவது வெள்ளைத் தாளும் பேனையுமாகப் போய் இருப்போம். எழுதுகிற ஆளைக் கண்டால் பேசுகிற ஆள் கொஞ்சம் நிதானப்படுவார். எந்த ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்ற கேள்விக்கு வாயால் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுவோம். 14 வேலை நாளுக்குள் தருவோம், மாட்டோம் என்ற முடிவையாவது அவர்கள் சொல்ல வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம்: ஊரில் சங்கத்துக்குக் குறைவில்லை. ஆளுக்கு ஒரு கடிதம், ஆளுக்கு ஒரு கட்சிக்காரர் என்று போனதால்தான் இவ்வளவு காலமும் ஒரு கடிதத்தை இன்னொன்று வெட்டியது. இம்முறை ஒரே கடிதம், எல்லா முத்திரையும் அதில். கோயில் திருவிழாவுக்குச் சாதி, குடி, கட்சி பாராமல் ஆவணியில் கூடுகிற நமக்கு, மார்கழியில் ஒரு மதகுக்காகக் கூடுவது பாரமா?

டித்வா புயல் 2025 நவம்பர் 28இல் இந்தத் தீவைக் குறுக்கறுத்துப் போய் 600 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கூடுதலானோர் மலைநாட்டில், மண்சரிவில். அடுத்தது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ். பெரிய எழுத்தில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். தனியே இருக்கிற ஆச்சிமார், அப்பச்சிமார், நடக்கமாட்டாதவர் எந்தெந்த வளவில் என்று கழகத்துத் தம்பிமார் இன்றே ஒரு பட்டியல் எடுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குத் துறையடியில் கூடுவோம். முதலில் மதகைத் தோண்டுவோம், பிறகு கடிதத்தில் கையொப்பம். வட்டார உறுப்பினருக்கும் சொல்லியாயிற்று, வந்தால் அவருக்கும் ஒரு மண்வெட்டி உண்டு. மண்வெட்டி இல்லாதவர் கூடை கொண்டு வாருங்கள். இரண்டும் இல்லாதவர் தேத்தண்ணி ஊற்ற வாருங்கள்.