பக்கத்துக் கதவு மூடப்படும்போது



ஜேர்மனியின் பிறேமன் நகரிலிருந்த ‘ஏ.ஜி. வேசர்’ கப்பல் கட்டும் கம்பனியின் கதையை நாமும் அறிந்திருக்க வேண்டும்.

1843இல் இரும்பு வார்ப்புப் பட்டறையாகத் தொடங்கி, 1872இல் பங்குக் கம்பனியானது. 1929இல் அட்லாண்டிக் கடலை அதிவேகமாகக் கடந்து சாதனை படைத்த ‘பிறேமன்’ கப்பலைக் கட்டியவர்கள் அதன் தொழிலாளர்களே. இரண்டாம் உலகப் போரில் அங்கே வதைமுகாம் கைதிகளிடமும் வேலை வாங்கப்பட்டது. பின்னர் இராட்சத எண்ணெய்க் கப்பல்கள் கட்டப்பட்டன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அவற்றுக்குக் கேள்வி விழுந்தது.

1983இல், மற்றத் தளங்கள் பிழைக்க இதை மூட வேண்டும் என்றார்கள். செப்டம்பரில், மாநிலத் தேர்தலுக்கு முந்திய வாரம், தொழிலாளர்கள் தளத்தையே கைப்பற்றி உள்ளே இருந்தார்கள். தேர்தல் முடிந்தது, போராட்டமும் முடிந்தது. ஆண்டிறுதியில் தளம் மூடப்பட்டது. சுமார் 2000 பேர் வேலையிழந்தனர்.

அதே நகரில் பிழைத்த ‘பிறேமர் வுல்கான்’ தளமோ 1996இல் வங்குரோத்தாகி, அடுத்த ஆண்டே மூடப்பட்டது.

ஆகவே, பக்கத்து டிவிசனை மூடும்போது ‘நமது டிவிசன் தப்பியது’ என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. கடைசி வாரம்வரை காத்திருக்கவும் கூடாது. முதற் கதவு மூடப்படும் அன்றே எல்லோரும் ஒன்றாக நிற்போம்.