கடன் பத்திரத்துக்குள் ஒரு கட்டப்பஞ்சாயத்து

ஆட்டோ வாங்கவோ தவணையில் டூவீலர் எடுக்கவோ ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனால், கட்டுக்கட்டாகத் தாள்களை நீட்டி, பென்சிலால் குறித்த இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு: தகராறு வந்தால் நீதிமன்றம் கிடையாது, ஆர்பிட்ரேஷன்தான். அதாவது ஒரு தனி நடுவர் தீர்ப்புச் சொல்வார். அவரை நிறுவனமே நியமிக்கும். விசாரணை எந்த ஊரில் என்பதையும் நிறுவனமே எழுதி வைத்திருக்கும்.

‘கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே’ என்பார்கள். மறுத்தால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் பிழைப்பு இல்லை என்ற நிலையில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? ஊர்த் தெருவில் பெரியவர்கள் கூடி, ‘போலீசுக்குப் போகாதே, இங்கேயே பேசி முடிப்போம்’ என்று சொல்லும்போது சேரி தலையாட்டியதும் இதே மாதிரிச் சம்மதம்தான். வழக்கில் ஒரு தரப்பே நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு நம் ஊரில் பெயர் கட்டப்பஞ்சாயத்து. அது லெட்டர்பேடில் வந்தாலும் அதேதான்.

இரண்டு பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் நடுவர் வைத்துக்கொள்வதில் நமக்குப் பிரச்சினை இல்லை. நிறுவனமும் கூலித் தொழிலாளியும் சமமானவர்கள் என்று பாவனை செய்வதுதான் பிரச்சினை. 1996ஆம் ஆண்டின் நடுவர் சட்டப்படி, நடுவரின் தீர்ப்பு நீதிமன்ற உத்தரவைப் போலவே நிறைவேற்றப்படும். நோட்டீஸ் புரியாமலோ பயணச் செலவுக்குப் பயந்தோ போகாமல் இருந்தால், ஒருதலைத் தீர்ப்பு வந்து வண்டியும் வீட்டுச் சாமானும் ஜப்தி வரை போகலாம்.

நீதிமன்றங்கள் இதில் நமக்குச் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை பறிபோகாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் சொன்னது.

ஆனால் கவனியுங்கள்: 2018 தீர்ப்பு, நாம் புகாரோடு போனால் உதவும். நிறுவனம் முந்திக்கொண்டு நடுவரிடம் போனால், அது தானாக வந்து நம்மைக் காப்பாற்றாது. ஆகவே நோட்டீஸைக் கிழித்துப் போடக் கூடாது. இந்த நடுவரை ஏற்கவில்லை என்று உடனே எழுத்தில், பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். தகராறு வந்த பிறகு ‘இந்த நடுவருக்குச் சம்மதம்’ என்று நிறுவனம் நீட்டும் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ஒரு கடிதம் நம் ஆட்சேபத்தையே இல்லாமல் ஆக்கிவிடும். தீர்ப்பு வந்துவிட்டால், அது கையில் கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அதற்கு மேல் இல்லை.

சேவையில் குறை என்று நாம் புகார் கொடுக்க 2019 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது சலுகை அல்ல, உரிமை.

ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருப்பது தீர்வாகாது. சிறு கடன் ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவே இருக்கக் கூடாது, ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த வாரம் உங்கள் தெருவில் பத்துக் கடன் பத்திரங்களை வாங்கி, கடைசிப் பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.